பதிவு பொத்தானை அழுத்துவதற்கு முன்...

கணினித் திரையில் நடப்பதை அப்படியே வீடியோவாகப் பதிவு செய்வது இன்று பெரிய வித்தை ஒன்றும் இல்லை. அதற்கென்று இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. ஒரு பொத்தானை அழுத்தினால் பதிவு தொடங்கும். மறுபடி அழுத்தினால் நிற்கும். இதில் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது என்றுதான் யாரும் கேட்பார்கள். பாலிடெக்னிக் மூன்றாம் ஆண்டு மாணவன் ஒருவனும் அப்படித்தான் நினைத்தான். நாற்பது நிமிடப் பாடம் ஒன்று ஊமைப் படமாக அவன் முன்னால் ஓடியபோதுதான், அந்தப் பொத்தானுக்கு முன்னால் எத்தனை விஷயங்கள் இருக்கின்றன என்று அவனுக்குப் புரிந்தது.

நடந்தது 2022-ல். இயந்திரவியல் துறையில் வரைபடப் பாடம் நடத்தும் ஆசிரியர் பணி ஓய்வு பெற நான்கே நாட்கள் இருந்தன. முப்பது வருடத்துக்கும் மேலாக ஒரே பாடம். அந்தக் கல்லூரிக்கு வரும் பிள்ளைகளில் பாதிப் பேர் தமிழ் வழியில் படித்தவர்கள். முதலாம் ஆண்டில் 'ஆர்த்தோகிராஃபிக் புரொஜெக்ஷன்' என்ற சொல்லைப் பார்த்தே பயந்துவிடுவார்கள். ஒரு பொருளை மேலிருந்து பார்த்தால் தெரியும் படத்தைத் தாளில் கீழே வரைய வேண்டும். இடப்பக்கம் இருந்து பார்த்தால் தெரிவதை வலப்பக்கம் வரைய வேண்டும். இந்தியாவில் பின்பற்றப்படும் முதல் கோண முறையில் அதுதான் விதி. ஏன் இப்படித் தலைகீழாக என்று கேட்டால் பலர் 'மனப்பாடம் பண்ணிக்கோ' என்பார்கள். இந்த ஆசிரியர் மட்டும் ஒரு தீப்பெட்டியையும் டார்ச் விளக்கையும் எடுத்துக்கொண்டு வருவார். நீ பார்க்கிற பக்கத்திலிருந்து வெளிச்சம் அடித்தால் நிழல் எதிர்ப்பக்கச் சுவரில்தானே விழும், அந்த நிழல்தான் படம் என்பார். அவ்வளவுதான். பத்து நிமிடத்தில் பயம் போய்விடும்.

அவர் போன பிறகு வரும் பிள்ளைகளுக்கு இதை யார் சொல்வார்கள் என்ற கவலை அந்த மாணவனுக்கு. ஆட்டோகேடில் அவர் வரைந்துகொண்டே பாடம் நடத்துவதைப் பதிவு செய்துவிடலாம் என்று தோன்றியது. கேட்டபோது அவர் முதலில் தயங்கினார்.

"முகமெல்லாம் வேணாம் தம்பி. நான் வரையறது தெரிஞ்சா போதும், பேசறது கேட்டா போதும்."

இதைவிட நல்ல விளக்கம் திரைப்பதிவுக்கு வேறு கிடையாது. வரைவது தெரிய வேண்டும், பேசுவது கேட்க வேண்டும். இரண்டே இரண்டு விஷயம்.

ஊமைப் படம்

மாணவன் தயாராகத்தான் போனான். 2012-ல் முதலில் வெளிவந்த ஓ.பி.எஸ். என்ற திறந்தமூல மென்பொருளைத் தன் மடிக்கணினியில் நிறுவினான். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும், காசு கிடையாது. செல்பேசியோடு வந்த மைக் வைத்த இயர்போனைச் செருகி, முதல் நாள் இரவு பேசிப் பார்த்தான். குரல் தெளிவாக விழுந்தது. திருப்தியாகத் தூங்கினான்.

மறுநாள் அவன் மடிக்கணினியில் ஆட்டோகேட் தடுமாறியது. அதனால் ஆய்வக மேசைக்கணினிக்கு மாறினார்கள். மென்பொருளை அதில் நிறுவி, அதே இயர்போனை மைக் படம் போட்ட இளஞ்சிவப்புத் துளையில் செருகினான். கருவி செருகப்பட்டது என்று விண்டோஸும் அறிவித்தது. பதிவைத் தொடங்கி, மென்பொருளின் சன்னலைக் கீழே இறக்கிவிட்டு ஒதுங்கி நின்றான். இளைய மாணவர்கள் பத்துப் பேர் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். ஆசிரியர் அன்றைக்கு நல்ல உற்சாகத்தில் இருந்தார். நடுவில் ஏதோ ஒரு பழைய கதை சொன்னார். ஆய்வகமே சிரித்தது.

பாடம் முடிந்து எல்லோரும் போன பிறகு கோப்பைத் திறந்தான். படம் பளிச்சென்று இருந்தது. ஒலி இல்லை. ஒலி அளவைக் கூட்டினான். இல்லை. நடுவில் தள்ளிப் பார்த்தான். கடைசியில் தள்ளிப் பார்த்தான். நாற்பது நிமிடமும் சுட்டி நகர்கிறது, கோடுகள் விழுகின்றன, ஒரு சொல் கூட இல்லை.

காரணம் ரொம்பச் சின்னது. மடிக்கணினியில் இயர்போனுக்கும் மைக்குக்கும் சேர்த்து ஒரே துளை இருக்கும். செல்பேசி இயர்போனின் முனையில் நான்கு தொடுபகுதிகள் உண்டு: இடது காது, வலது காது, பொதுக் கம்பி, மைக். மடிக்கணினியின் துளை இந்த நான்கையும் புரிந்துகொள்ளும். மேசைக்கணினியில் பச்சைத் துளை கேட்பதற்கு, இளஞ்சிவப்புத் துளை மைக்குக்கு என்று தனித்தனி. இளஞ்சிவப்புத் துளை எதிர்பார்ப்பது மூன்று தொடுபகுதி கொண்ட தனி மைக்கை. நான்கு பகுதி முனையை அதில் செருகினால் மைக் கம்பி இருக்க வேண்டிய இடத்தில் காதுக் கம்பி போய் உட்கார்ந்துகொள்ளும். துளையில் ஏதோ செருகப்பட்டிருக்கிறது என்பது மட்டும் கணினிக்குத் தெரியும். குரல் வருகிறதா என்று அது பார்க்காது. இரண்டாகப் பிரிக்கும் ஒரு சின்னக் கம்பி போதும், இது சரியாகிவிடும். யு.எஸ்.பி. ஹெட்செட் என்றால் இந்தத் தொல்லையே இல்லை.

ஒலி விழாமல் போவதற்கு வேறு காரணங்களும் உண்டு. விண்டோஸ் 10 முதல் தனியுரிமை அமைப்புகளில் மைக்குக்கென்று ஓர் அனுமதி இருக்கிறது. அது அணைந்திருந்தால் எந்த மென்பொருளுக்கும் குரல் போகாது. இரண்டு மூன்று மைக் இருக்கும் கணினியில் எதைப் பயன்படுத்துவது என்று சொல்லாமல் விட்டால், கணினி தன் இஷ்டத்துக்கு ஒன்றை எடுத்துக்கொள்ளும். ஹெட்செட் கம்பியில் இருக்கும் சின்ன விசை சட்டைப் பொத்தானில் பட்டு அணைந்திருக்கும். எல்லாவற்றுக்கும் அறிகுறி ஒன்றுதான். ஓ.பி.எஸ். மென்பொருளின் கீழே ஒலிப் பட்டை ஒன்று இருக்கிறது. யாராவது பேசினால் அது ஆட வேண்டும். ஆடவில்லை என்றால் பதிவில் குரல் இல்லை. அன்றைக்கு அந்தப் பட்டை நாற்பது நிமிடமும் செத்துக் கிடந்தது. சன்னலைக் கீழே இறக்கிவிட்டதால் யாரும் பார்க்கவில்லை.

முதல் நாள் சோதித்தது மடிக்கணினியில். பாடம் நடந்தது மேசைக்கணினியில். கருவி மாறினால் பழைய சோதனை செல்லாது என்பது அவனுக்குத் தோன்றவில்லை.

"படம் இருக்குல்ல?"

அன்று மாலை ஆசிரியர் அறைக்குப் போய் விஷயத்தைச் சொன்னான். திட்டு விழும் என்று நினைத்தான். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"படம் இருக்குல்ல?"

"இருக்கு சார்."

"அப்ப பேசறதத் தனியா எடுத்துட முடியாதா?"

அப்போதுதான் அவனுக்கு முதலாம் ஆண்டு ஞாபகம் வந்தது. அதே ஆய்வகத்தில் ஐ.ஐ.டி. மும்பையின் ஸ்போக்கன் டுடோரியல் பாடங்களைப் பார்த்துத்தான் அவன் லினக்ஸ் கற்றுக்கொண்டான். ஒவ்வொன்றும் ஏறக்குறைய பத்து நிமிடம். திரையில் தெரிவதெல்லாம் ஆங்கிலம், காதில் விழுவது தமிழ். அதே படத்துக்கு இந்தியில் ஒரு குரல், மராத்தியில் ஒரு குரல் என்று பல மொழிகளில் ஒலி சேர்த்திருப்பார்கள். அதாவது, படமும் குரலும் ஒரே நேரத்தில் பிறக்க வேண்டிய கட்டாயம் இல்லை. விபத்தாக அவன் கையில் கிடைத்த ஊமைப் படம், அவர்கள் திட்டமிட்டே தயாரிக்கும் பொருள்!

திரைப்பதிவு என்பதே இப்படி எளிய தேவைகளிலிருந்து வளர்ந்த கலைதான். 2004-ல் ஜான் உடெல் என்ற தொழில்நுட்ப எழுத்தாளர் இதற்கு என்ன பெயர் வைக்கலாம் என்று தன் வாசகர்களைக் கேட்டார். அவர்கள் அனுப்பியதிலிருந்து 'ஸ்கிரீன்காஸ்ட்' என்ற பெயர் நிலைத்தது. அதே 2004-ல் சல்மான் கான் தன் உறவுக்காரப் பெண்ணுக்குத் தொலைவிலிருந்து கணக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். 2006-ல் பாடங்களை யூட்யூபில் ஏற்றினார். கான் அகாடமி அப்படித்தான் வளர்ந்தது. அந்தப் பாடங்களிலும் ஆசிரியரின் முகம் தெரியாது. கறுப்புப் பலகை போன்ற திரை, அதில் எழுத்து, பக்கத்தில் உட்கார்ந்து சொல்வது போல ஒரு குரல். முகம் வேண்டாம் என்று சொன்ன ஆசிரியருக்கு இந்தக் கதையெல்லாம் தெரியாது. ஆனால் அவர் கேட்டதும் அதைத்தான்.

குரலுக்கு ஓர் அறை

மறுநாள் குரல் பதிவு. மாணவன் முதலில் நண்பனிடம் வாங்கி வந்தது கம்பியில்லாத புளூடூத் இயர்போன். பார்க்க நாகரிகமாக இருந்தது. பதிவைக் கேட்டால் பழைய தொலைபேசியில் பேசுவது போல இருந்தது! பாட்டுக் கேட்கும்போது நன்றாக ஒலிக்கும் புளூடூத் கருவி, மைக்கும் சேர்ந்து வேலை செய்யும்போது அழைப்புக்கான முறைக்கு மாறிவிடும். பெரும்பாலும் அப்போது குரலை வினாடிக்கு 8,000 அல்லது 16,000 முறைதான் அளந்து அனுப்பும். கூடவே கொஞ்சம் தாமதமும் சேரும். பேசுவதற்கு அது போதும். பாடத்துக்குப் போதாது.

இந்த அளவுக் கணக்கைப் புரிந்துகொள்வது கடினம் இல்லை. மனிதக் காது அதிகபட்சம் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். ஓர் ஒலியை முழுதாகப் பிடிக்க வேண்டுமானால் அதன் அதிர்வெண்ணைப் போல இரண்டு மடங்குக்கு மேல் அளக்க வேண்டும். அதனால்தான் இசைக் குறுந்தகடுகள் வினாடிக்கு 44,100 முறை அளக்கின்றன. வீடியோவில் வழக்கம் 48,000. திரைப்பதிவுக்கு 48 கிலோஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்வது நல்லது. முக்கியமாக, குரலைத் தனி மென்பொருளில் எடுத்தால் இரண்டு இடத்திலும் ஒரே எண் இருக்க வேண்டும். 44,100-ல் எடுத்ததை ஏதாவது ஒரு மென்பொருள் தவறாக 48,000 என்று நினைத்து ஓட்டினால், குரல் கிட்டத்தட்ட 9 விழுக்காடு வேகமாகவும் கீச்சென்றும் ஒலிக்கும். ஆசிரியர் சின்னப் பையன் போலப் பேசுவார்!

மொழி ஆய்வகத்திலிருந்து ஒரு யு.எஸ்.பி. ஹெட்செட் இரவலாகக் கிடைத்தது. குரலுக்கு ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள். இடம்தான் பிரச்சினை. கணினி ஆய்வகத்தில் நான்கு மின்விசிறிகள். வெற்றுச் சுவர்கள். பேசினால் குரல் சுவரில் மோதித் திரும்பி வந்தது. கிணற்றுக்குள் பேசுவது போல. கடைசியில் பழைய விடைத்தாள் கட்டுகளும் வரைபலகைகளும் அடுக்கியிருந்த சாமான் அறைக்குப் போனார்கள். காகிதக் கட்டுகள் ஒலியை விழுங்கிவிடும். மின்விசிறியை நிறுத்தியதும் அறை அமைதியானது. வியர்வை வழிந்தது. ஆசிரியர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, "முப்பது வருஷ விடைத்தாளு, இன்னிக்கித்தான் உருப்படியா ஒரு வேலை செய்யுது" என்றார்.

பேச ஆரம்பிக்கும் முன் ஐந்து வினாடி யாரும் மூச்சு விடாமல் பதிவு செய்தான். அந்த வெற்று ஒலியை மாதிரியாகக் காட்டினால், மீதி இரைச்சலை ஆடாசிட்டி பின்னால் கழித்துத் தரும். ஆனால் அதை அளவோடுதான் செய்ய வேண்டும். அதிகமாகக் கழித்தால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவது போலாகிவிடும். மைக்கை வாய்க்கு நேர் எதிரே வைக்காமல், இரண்டு விரல் தள்ளி உதட்டோரத்தில் வைக்கச் சொன்னான். நேரே வைத்தால் 'ப' வரும் இடமெல்லாம் காற்று மோதும். 'படம்', 'பக்கம்', 'புரொஜெக்ஷன்' என்று பகரமே நிறைந்த பாடம் அது!

அடுத்தது அளவு. கணினி ஒலியில் 0 டெசிபல் என்பது உச்சவரம்பு. அதற்கு மேல் கிடையாது. குரல் அந்தக் கூரையில் இடித்தால் அலையின் தலை வெட்டுப்படும். வெட்டுப்பட்டதை எந்த மென்பொருளும் பழையபடி ஒட்டித் தராது. குறைவாக விழுந்ததைப் பின்னால் ஓரளவு கூட்டிக்கொள்ளலாம். அதனால் கொஞ்சம் இடம் விட்டுப் பதிவு செய்ய வேண்டும். சாதாரணப் பேச்சு மைனஸ் 20-க்கும் மைனஸ் 10-க்கும் நடுவே ஆட வேண்டும். உரக்கப் பேசும்போது கூட மைனஸ் 6-ஐத் தாண்டாமல் இருந்தால் நல்லது. ஓ.பி.எஸ். பட்டையில் இதற்கு நிறமே உண்டு. பேச்சு மஞ்சளில் இருக்க வேண்டும், சிவப்புக்குப் போகக் கூடாது.

இதிலும் ஒரு தடவை சறுக்கினான். ஆசிரியர் "ஹலோ, ஹலோ" என்று மெல்லச் சொன்னதை வைத்து அளவைச் சரி செய்தான். பாடம் தொடங்கி இரண்டாவது நிமிடத்தில் அவர் சாமான் அறையை மறந்துவிட்டார். "எங்க, கடைசி பெஞ்சு, தெரியுதா?" என்று முப்பது வருடப் பழக்கத்தில் குரல் உயர்ந்தது. பட்டை சிவப்பில் போய் முட்டியது. மறுபடி முதலிலிருந்து. இந்தத் தடவை, "கடைசி பெஞ்சக் கேக்கற குரல்ல ஒரு தடவ பேசுங்க சார்" என்று கேட்டு, அதற்கு ஏற்றபடி அளவை வைத்தான். ஒருவர் பேசப்போகும் உச்சக் குரலில்தான் சோதிக்க வேண்டும். மைக் சோதனைக்கென்று எல்லோரும் வைத்திருக்கும் அடங்கிய குரலில் சோதித்துப் பயன் இல்லை.

பேச்சு ஒற்றைத் தடமாக இருக்கட்டும் என்று மோனோவில் எடுத்தான். மைக் ஒன்றுதான். அதை இரட்டைத் தடத்தில் எடுக்கப்போய் இடது காதில் மட்டும் குரல் விழுந்துவிடுவது உண்டு. விடுதியில் ஒரே இயர்போனை ஆளுக்கு ஒரு காதாக இருவர் பகிர்ந்து கேட்பார்கள். ஒருவனுக்குப் பாடம், இன்னொருவனுக்கு மௌனம் என்று ஆகிவிடும்.

மங்கிய கோடுகள்

குரல் ஒழுங்கானதும் படத்தின் குறை தெரிந்தது. ஆய்வகத் திரை 1920 × 1080. கோப்பு சிறிதாக இருக்கட்டும் என்று வெளியீட்டை 1280 × 720 என்று வைத்திருந்தான். சினிமாவுக்கு அது சரி. ஆட்டோகேடில் கோடு ஒரே ஒரு புள்ளி அகலம். மூன்றை இரண்டாகச் சுருக்கும்போது ஒரு புள்ளிக் கோடு முக்கால் பங்குகூட மிஞ்சாது. வெள்ளைக் கோடு சாம்பலாகும். மறைந்த விளிம்பைக் காட்டும் புள்ளிக்கோடு, சாதாரணக் கோடு போலவே தெரியும். வரைபடப் பாடத்தில் இந்த இரண்டையும் பிரித்துக் காட்டாவிட்டால் பாடமே இல்லை.

நிறமும் கைவிட்டது. வழக்கமான வீடியோ முறைகளில் வெளிச்சத்தை ஒவ்வொரு புள்ளிக்கும் சேமிப்பார்கள். நிறத்தை மட்டும் நான்கு புள்ளிக்கு ஒன்று என்று சேமிப்பார்கள். முகங்களிலும் மரங்களிலும் கண் இதைக் கவனிக்காது. கறுப்புப் பின்னணியில் மெல்லிய சிவப்புக் கோடு, நீலக் கோடு என்றால் உடனே காட்டிக்கொடுத்துவிடும். கோடு கசியும்.

தீர்வு எளியது. திரையையே 1280 × 720-க்கு மாற்றி, பதிவையும் அதே அளவில் வைத்துவிட்டால் சுருக்கமே கிடையாது. எழுத்தும் பொத்தான்களும் பெரிதாகும். பார்க்கப்போகிறவர்கள் ஆறங்குலச் செல்பேசியில்தான் பார்ப்பார்கள் என்பதால் அதுவும் வசதி. ஆட்டோகேடில் கோட்டின் தடிமனைத் திரையில் காட்டும் அமைப்பை இயக்கினான். சிவப்பையும் நீலத்தையும் வெள்ளைக்கும் மஞ்சளுக்கும் மாற்றினான். மங்கிப் போன இரண்டு பகுதிகளை மட்டும் ஆசிரியர் மறுபடி வரைந்து கொடுத்தார்.

வினாடிக்கு எத்தனை படம் என்பதிலும் ஆசைப்படத் தேவை இல்லை. விளையாட்டுகளுக்கு 60 வேண்டும். சுட்டி நகர்ந்து கோடு விழும் பாடத்துக்கு 30 தாராளம். 1920 × 1080 திரையை வினாடிக்கு 30 தடவை சுருக்காமல் சேமித்தால், ஒரு வினாடிக்குக் கிட்டத்தட்ட 187 மெகாபைட் ஆகும். அத்தனையையும் கணினி உடனுக்குடன் சுருக்கிக்கொண்டே இருக்கிறது. பழைய கணினியில் எண்களைக் கூட்டினால் அது மூச்சு வாங்கும், ஆட்டோகேடும் சேர்ந்து திணறும். தரத்தை நிலையாக வைத்து, அளவை மென்பொருளே முடிவு செய்யும்படி விடுவது திரைப்பதிவுக்கு ஏற்றது. திரை அசையாமல் இருக்கும் நேரத்தில் கோப்பு அதிகம் வளராது.

முழுத் திரையையும் பதிவு செய்வதா, ஒரு சன்னலை மட்டுமா என்பது இன்னொரு கேள்வி. சன்னலை மட்டும் எடுத்தால் அதிலிருந்து விரியும் பட்டியல்கள் பதிவில் விழாமல் போகலாம். மாணவனுக்கு அவைதான் முக்கியம். முழுத் திரையை எடுத்தால் எல்லாம் விழும். 'டேய் எங்க இருக்க' என்று நடுவில் வரும் நண்பனின் செய்தியும் சேர்ந்து விழும். அறிவிப்புகளை அணைத்துவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும்.

கடைசியாகக் கோப்பு வகை. மறுபதிவின் நடுவே மின்சாரம் போய்விட்டது. அந்தக் கணினிக்கு யு.பி.எஸ். இல்லை. நல்லவேளையாக அவன் எம்கேவி வகையில் பதிவு செய்திருந்தான். வழக்கமான எம்பி4 கோப்பு தன் அட்டவணையைக் கடைசியில்தான் எழுதும். நடுவில் அறுந்தால் முழுக் கோப்பும் திறக்காமல் போகும். எம்கேவி அறுந்த இடம் வரை பிழைத்திருக்கும். அதை ஓ.பி.எஸ். மூலமே தரம் குறையாமல் எம்பி4-ஆக மாற்றிக்கொள்ளலாம்.

இருபத்து மூன்றாவது நிமிடம்

படத்தையும் குரலையும் சேர்த்தபோது பாடம் முதல் நாளைவிட நன்றாகவே வந்தது. ஆசிரியர் தான் வரைந்ததைத் தானே பார்த்துக்கொண்டு பேசினார். அவசரம் இல்லை. தேவையான இடத்தில் படத்தை நிறுத்தச் சொன்னார். இரண்டு இடத்தில், "இங்க நான் வேகமா போயிட்டேன், பிள்ளைங்களுக்குப் புரியாது" என்று தன்னைத்தானே திருத்திக்கொண்டார். பத்துப் பத்து நிமிடமாக நான்கு பாகம். வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் அது இன்னொரு தடவை சுருக்கிக் கோடுகளை மங்கடிக்கும். அதனால் கோப்பாக அனுப்பினான். மற்றவர்களுக்குப் பென் டிரைவில் போனது.

ஒரே ஓர் இடத்தில் மட்டும் வேலை நின்றது. முதல் பதிவின் இருபத்து மூன்றாவது நிமிடம். சுட்டி எதையும் வரையவில்லை. திரையின் ஒரு மூலையைச் சும்மா சுற்றிச் சுற்றி வந்தது. கிட்டத்தட்ட இரண்டு நிமிடம்.

"இங்க என்ன சொன்னேன்?"

"ஏதோ ஒரு கதை சார். நீங்க படிச்ச காலத்துல நடந்தது. எல்லாரும் சிரிச்சோம்."

"என்ன கதை?"

மாணவன் யோசித்தான். அப்போது அவன் கதவோரம் நின்று யாரிடமோ செல்பேசியில் பேசிக்கொண்டிருந்தான். இளைய மாணவர்களிடம் கேட்டான். ஒருவன் தீப்பெட்டி பற்றி என்றான். இன்னொருவன் அவருடைய வாத்தியார் பற்றி என்றான். ஆசிரியர் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். தன்னுடைய சுட்டியே தன் முன்னால் சுற்றிக்கொண்டிருந்தது.

"வரல தம்பி. அந்த நேரத்துக்கு வந்தது. விட்டுடு."

அந்த இரண்டு நிமிடத்தை வெட்டிவிட்டார்கள். பாடத்துக்கு அதனால் குறை ஒன்றும் இல்லை.

படத்தை மறுபடி வரைந்துவிடலாம். பாடத்தை மறுபடி சொல்லிவிடலாம். பேச்சுவாக்கில் வந்த ஒன்றை மட்டும் மறுபடி கேட்டு வாங்க முடியாது. அமைப்புகளைச் சரிபார்ப்பது அதற்காகத்தான். அந்த மாணவன் இப்போது யார் திரைப்பதிவு செய்யக் கேட்டாலும் நான்கு விஷயங்களைச் சொல்கிறான்.

எந்தக் கணினியில், எந்த மைக்கில், எந்த அறையில் பதிவு நடக்கப்போகிறதோ, அதே கணினியில், அதே மைக்கில், அதே அறையில் முப்பது வினாடி பதிவு செய்.

பதிவு செய்ததை நிறுத்தித் திறந்து, காதில் மாட்டிக் கேள். பட்டை ஆடுவதைப் பார்ப்பது பாதிச் சோதனைதான்.

பதிவு ஓடும்போது ஒலிப் பட்டை கண்ணில் படும்படி ஓர் ஆள் பார்த்துக்கொண்டே இருக்கட்டும். முடிந்தால் இன்னொரு திரையில்.

மேசையில் ஒரு செல்பேசியைக் கவிழ்த்து வைத்து, அதிலும் குரலைப் பதிவு செய். தொடக்கத்தில் ஒரு தடவை கைதட்டிக்கொண்டே சுட்டியால் ஏதாவது ஒரு பொத்தானை அழுத்து. பின்னால் இரண்டையும் பொருத்த அந்த ஓசை போதும்.

நான்காவதை அன்றைக்குச் செய்திருந்தால் கதை கிடைத்திருக்கும். அன்று ஆய்வகத்தில் பத்துப் பேர் சட்டைப் பையிலும் செல்பேசி இருந்தது.

ஆசிரியர் ஓய்வு பெற்று ஊருக்குப் போய்விட்டார். நான்கு பாகங்களும் ஒவ்வொரு வருடமும் புதிய பிள்ளைகளின் கைக்குப் போகின்றன. பழைய ஊமைப் படம் மட்டும் அந்த மாணவனின் கணினியில் தனியாக இருக்கிறது. இடம் போதாமல் எத்தனையோ கோப்புகளை அழித்திருக்கிறான். இதை அழிக்கவில்லை. எப்போதாவது திறந்து இருபத்து மூன்றாவது நிமிடத்துக்குத் தள்ளுவான். ஒரு மூலையில் சுட்டி சுற்றிக்கொண்டிருக்கும். ஒலி அளவு முழுதாகத்தான் இருக்கும்.